எட்டாம் மாடியில் ஆள் இருக்கிறதா?

தவமலருக்குச் சம்பளமே சந்தேகப்படுவதற்குத்தான். ஈசூன் வட்டாரத்தில் அவள் வேலை பார்க்கும் பேரங்காடியில் முன்பு ஆறு காசாளர்கள் இருந்தார்கள். இப்போது அந்த இடத்தில் பத்து இயந்திரங்கள். வாங்க வருகிறவர்களே பொருளைக் காட்டி, அட்டையைத் தட்டி, பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம். ஆறு பேரில் மிச்சம் வைத்தது மலரை மட்டும்தான். பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு இயந்திரங்களுக்கு நடுவே நின்று, யார் கை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். சின்ன வெங்காயத்தைத் தட்டில் வைத்துவிட்டுப் பெரிய வெங்காயப் படத்தை அமுக்குகிறவர்கள், நாலு மீன் டின்னில் மூன்றை மட்டும் காட்டுகிறவர்கள், பிள்ளை வண்டிக்கு அடியில் பால்மாவை வைத்துவிட்டு மறந்துபோகிறவர்கள். எட்டு மணி நேரம் இதையே பார்த்த கண், வீட்டுக்கு வந்ததும் சும்மா இரு என்றால் இருக்குமா?

"வேலை முடிஞ்சதும் கண்ணக் கழட்டி அங்கேயே வச்சிட்டு வந்துடு மலர்," என்பான் அவள் புருஷன் குணாளன். ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கிற வேலை அவனுக்கு. எதையும் கழற்றி வைப்பதில்தான் அவன் புத்தி போகும்.

ஈசூனில் அவர்களுக்கு நாலறை வீடு இருந்தது. காற்றோட்டமான பதினோராம் மாடி. அதை விற்றுவிட்டுத் தோ பாயோவில் ஒரு கிழட்டு மூவறை வீட்டை வாங்கி எட்டாம் மாடிக்கு வந்தது மகள் மிதிலாவுக்காக. சாலைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால்தான் பள்ளி இடத்துக்கான குலுக்கலில் முன்வரிசை. குலுக்கினார்கள், மிதிலா பேர் வந்தது. அன்றைக்கு மலர் இயந்திரங்களுக்கு நடுவே நின்று அழுதாள். ஆனால் இடம் கிடைத்ததோடு முடிவதில்லை. இரண்டரை வருஷம் அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும். சும்மா முகவரியைக் காட்டிவிட்டு வேறெங்கோ இருப்பது தெரிந்தால் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். பன்னிரண்டாம் மாடிப் பிள்ளை ஒன்றுக்கு அப்படித்தான் ஆயிற்று, யாரோ பள்ளிக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள் என்று கீழ்த்தளத்தில் முடிவெட்டுகிற பெண்மணி சொன்னாள். இரண்டு மாதத்தில் அவள் கடையும் பபிள் டீக் கடையாகிவிட்டது. அந்த யாரோ யார் என்று கேட்க ஆள் இல்லாமல் போயிற்று.

அந்தக் கீழ்த்தளத்தில் ஒவ்வொரு கடையாக இப்படித்தான் மாறிக்கொண்டிருந்தது. ஆணி, பல்பு விற்ற கடை கணக்குத் துணைப்பாட நிலையம். தையற்கடை இருந்த இடத்தில் மூன்று வயசுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் பேசக் கற்றுக்கொடுக்கிறார்கள். மாறாமல் நின்றது மசூது மாமாவின் கடை ஒன்றுதான். முட்டை, ரொட்டி, கொசுவத்தி, மிட்டாய்ப் போத்தல்கள், கயிற்றில் தொங்கும் கடலைப் பொட்டலங்கள். கடையநல்லூரிலிருந்து இருபது வயசில் வந்தவர். நாற்பத்து மூன்று வருஷமாகியும் பேச்சு மட்டும் அந்த ஊரை விட்டு வரவில்லை.

குடிவந்த முதல் வாரம் மிதிலாவோடு அந்த வழியாகப் போனபோது அவராகவே பேச்சுக் கொடுத்தார்.

"புதுசா வந்திருக்கியளாம்மா? எந்த மாடி?"

"எட்டு."

"பள்ளிக்கூடத்துக்காவா?"

மலருக்குச் சுருக்கென்றது. "ஏன் கேக்குறீங்க?"

"சும்மா கேட்டேம்மா. இங்க வாரதெல்லாம் அதுக்குத்தான். பிள்ளைக்கு எடம் கெடைக்கித வரைக்கும் இருப்பாக. பொறவு பெட்டியக் கட்டிருவாக." சிரித்துக்கொண்டே போத்தலைத் திறந்து மிதிலாவிடம் ஒரு மிட்டாயை நீட்டினார்.

மலர் அதை வாங்கித் திரும்பப் போத்தல் மூடிமேல் வைத்தாள். "இனிப்பு கொடுக்குறதில்ல மாமா."

எழுதிப் போடுகிற ஆள் இவராக இருக்குமோ என்று அன்றிலிருந்து கடைப் பக்கத்து லிஃப்டில் அவள் ஏறியதே இல்லை. அடுக்குமாடிப் புளோக்கின் மறுகோடியில் இன்னொரு லிஃப்ட் இருந்தது. நடை கொஞ்சம் கூட, ஆனால் கடை கண்ணில் படாது. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் ஈசூனிலேயே ஊழியர் விலைக்கு வாங்கிச் சக்கரப் பையில் இழுத்து வந்துவிடுவாள். உப்பு தீர்ந்த அன்றைக்குக்கூட உப்பில்லாமல் சமைத்தாளே தவிர, மாமா கடைக்கு இறங்கவில்லை. சனி, ஞாயிறு அக்கா வீட்டில் இருந்துவிடுவார்கள். வாரக் கடைசியில் மலருக்கு வேலை இருக்கும், அக்கா வீடு ஈசூனில், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அங்கேதான் ஆள். அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று மிதிலாவுக்கும் சொல்லி வைத்திருந்தாள்.

ஜனவரியில் பள்ளி தொடங்கியது. காலை ஐந்து மணிக்கு எழுந்து மிளகாயும் வெங்காயமும் பெலாச்சான் இறால் விழுதும் சேர்த்துச் சம்பல் இடிப்பாள். குணாளனுக்குச் சம்பல் இல்லாமல் சோறு இறங்காது. மிக்சி போட்டால் அக்கம்பக்கம் விழித்துக்கொள்ளும் என்று பயந்து, கருங்கல் இடிகல்லைச் சமையலறைத் தரையில் வைத்து, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து இடிப்பாள். இதைவிட மரியாதையாக ஒரு மனுஷி நடந்துகொள்ள முடியுமா என்பது அவள் நினைப்பு.

அப்போதுதான் அந்தத் தட்டல் தொடங்கியது. டக், டக், டக். தரைக்குக் கீழிருந்து மூன்று தட்டு. மலர் கையை நிறுத்தினால் அதுவும் நிற்கும்.

"கேட்டீங்களா? கீழ்வீட்டு லோ ஆண்ட்டி. நாம வீட்ல இருக்கோமான்னு செக் பண்ணுது."

"விடிகாலைல எழுந்து நம்மள செக் பண்ணணும்னு அந்தக் கிழவிக்கு என்ன தலையெழுத்து?"

"அது பேரனுக்குக் குலுக்கல்ல இடம் கிடைக்கல. தெரியுமா உங்களுக்கு? நமக்குக் கிடைச்சுது, அதுக்குக் கிடைக்கல. வயிறு எரியாதா?"

குணாளன் பல் விளக்கப் போனான்.

ஒருநாள் லிஃப்டில் திருமதி லோவே ஏறினாள். அறுபத்தெட்டு வயசு, குட்டை முடி, கையில் வெங்காயத்தாள் நீட்டிக்கொண்டிருக்கும் பை. மலரை ஏற இறங்கப் பார்த்துத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள்.

"காலைல அஞ்சுக்கே எழுந்திடுவியோ?"

"ஏன் ஆண்ட்டி?"

"சும்மா. சனி ஞாயிறு மட்டும் எழுந்திரிக்க மாட்டே போல."

லிஃப்ட் சுவரில், புளோக்குகளைப் பராமரிக்கும் நகர மன்றம் புதிதாக ஒட்டிய தாள் இருந்தது. அதிகாலையில் சத்தம் எழுப்பாதீர்கள், அண்டை வீட்டாரை மதியுங்கள் என்று நாலு மொழியில். முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மலர் அதையே படித்துக்கொண்டு நின்றாள். யாரோ நாகரிகமில்லாத ஜென்மங்கள் இந்தப் புளோக்கில் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டாள்.

ஏப்ரலில் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. முகவரியைச் சரிபார்க்க அலுவலர் இரண்டு முறை வந்தும் வீட்டில் ஆளில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் குடியிருப்பு உறுதியாகவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஆதாரங்களோடு வரவும். மலர் அதை மூன்று முறை படித்தாள். மிதிலா பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். மூன்று மாதத்தில் அவளுக்கு ஒரு உயிர்த்தோழி கிடைத்துவிட்டாள், பேர் ஹுவீ. தினமும் ஹுவீ சொன்னது, ஹுவீ தின்றது என்று வீடு முழுக்க ஹுவீதான். இந்தப் பிள்ளையைக் கிளப்பி வேறெங்கே உட்கார வைப்பது?

"கரண்ட் பில்லக் காட்டுவோம்," என்றான் குணாளன்.

"பில்லா? காலைல ஆறரைக்குப் போறோம், பிள்ளையப் பள்ளிக் காப்பகத்துலேர்ந்து கூட்டிக்கிட்டு ராத்திரி ஏழரைக்கு வர்றோம். சனி ஞாயிறு இல்ல. நம்ம பில்லப் பாத்தா பூட்டுன வீடுன்னுதான் சொல்லுவாங்க. 'குடியிருப்பு உறுதியாகவில்லை'யாம். யாருகிட்ட கேட்டிருப்பாங்க? யாரு வாயத் திறந்திருப்பா?"

"ஊர் வாய மூட உலைமூடி உண்டா? விடு."

"விடுறதா? எனக்குத் தெரியும். மாமாக் கடைதான். இல்லேன்னா கீழ்வீடு."

மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, பதினொரு மாதத்துக்குப் பிறகு மலர் மாமா கடை முன்னால் போய் நின்றாள். கடை பாதி காலியாகக் கிடந்தது. போத்தல்கள் எல்லாம் அட்டைப் பெட்டிக்குள் போய்விட்டன. மசூது மாமா முக்காலியில் உட்கார்ந்து கொசுவத்திப் பெட்டிகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. என்ன வேணும்? இருக்கதுலதான் எடுக்கணும்."

"ஒண்ணும் வேணாம். பள்ளிக்கூடத்துலேர்ந்து ஒரு ஆபீசர் வந்தாங்களா?"

"வந்தாக. ஒரு சீனப் பொம்பளப் பிள்ள. எட்டாம் மாடில இன்ன நம்பர்ல ஆளு இருக்கான்னு கேட்டாக."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியலைன்னு சொன்னேன்."

"தெரியலையா? ஒரு வருஷமா இருக்கோம் மாமா! கொஞ்சம்கூட மனசாட்சி வேணாமா?"

மாமா கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, அதுதான் மலருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நான் சொல்லுததக் கேளு. இந்தப் புளோக்குல எவன் எவன் இருக்கான்னு எனக்கு மூஞ்சிய வச்சுத் தெரியாது. வாங்குத சாமான வச்சுத்தான் தெரியும். ஆறாம் மாடில வெள்ள ரொட்டி வாங்குதவுக. ஒம்பதுல பூனைக்கு மீன் டின். நாலாம் மாடிக்காரரு சர்க்கரையில்லாத பிஸ்கோத்து வாங்க ஆரம்பிச்சாரு, சரி, சீக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேன். ஒங்க வீட்டுல ஒரு முட்ட வாங்கலியே தாயி? ஒரு தீப்பெட்டி? நீ இந்த வழியா நடந்துகூட பாக்கலியே. வந்த அன்னிக்கி ஒரு மிட்டாயக் கொடுத்தேன், திருப்பி வச்சே. அதுக்குப் பொறவு ஒன்ன நான் இன்னிக்குத்தான் பாக்கேன்."

அவர் கண்ணில் படக்கூடாது என்று படாதபாடு பட்டவள் அவள்தான். அவர் பார்க்கவில்லை என்று சொன்னது அத்தனையும் அவள் உழைத்துச் சம்பாதித்தது.

"இப்ப சொல்லுங்க மாமா. வெள்ளிக்கிழமை வந்து சொல்லுங்க. பாத்தேன்னு ஒரு வார்த்தை."

"பாக்காதத எப்படிம்மா பாத்தேன்னு சொல்ல? நாப்பத்து மூணு வருசம் தராசு பிடிச்ச கை. மாசக் கடைசில கடைய வேற ஒப்படைக்கேன். இங்கயும் துணைப்பாடம் வருதாம், அறிவியலு. போகும்போது பொய் சொல்லிட்டுப் போகவா?"

மலர் திரும்பி நடந்தாள். மாமா பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"ஏம்மா, நில்லு. மடில கனமில்லைன்னா வழில பயம் என்னத்துக்கு? எனக்குத் தெரியலைன்னா என்ன, கீழ்வீட்டு லோவம்மாவுக்குத் தெரியுமே. ஒன்னப் பத்தி நோட்டுல எழுதிக்கிட்டிருக்காக. ஜனவரில எங்கிட்டதான் நோட்டு வாங்குனாக. போன வாரம் ரெண்டாவது நோட்டும் வாங்கிட்டாக."

நினைத்தது சரிதான். ஒரு நோட்டு அல்ல, இரண்டு! லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் ஏழாம் மாடிவரை படியேறி, திருமதி லோவின் இரும்புக் கதவைப் பிடித்து உலுக்கினாள்.

"ஆண்ட்டி! வெளிய வாங்க!"

திருமதி லோ கையில் கரண்டியோடு வந்தாள். உள்ளே இஞ்சி வதங்குகிற வாசனை. "என்ன, வீட்டுல தீப்பிடிச்சிடுச்சா?"

"என்னப் பத்தி எழுதுறீங்களாமே?"

"ஆமா, எழுதுறேன்."

இப்படிப் பளிச்சென்று ஒத்துக்கொள்வாள் என்று மலர் எதிர்பார்க்கவில்லை. "உங்க பேரனுக்கு இடம் கிடைக்கலைன்னா நான் என்ன பண்ணுவேன்? எம்புள்ள என்ன பண்ணுவா? அவளக் கிளப்பிவிட்டா உங்க பேரனக் கூப்பிட்டு உக்கார வச்சிடுவாங்களா?"

"என்ன பேரன்? எந்த இடம்?" திருமதி லோ கரண்டியால் காற்றை வெட்டினாள். "என் பேரன் நல்லாத்தான் இருக்கான் லா, வீட்டுக்குப் பக்கத்துலயே பள்ளிக்கூடம், ஏழு மணி வரைக்கும் தூங்குறான். தூக்கம் இல்லாதது எனக்கு! தினம் அஞ்சே காலுக்கு டொங் டொங் டொங். என் மண்டைக்கு நேர் மேல. அது என்ன, வீட்டுக்குள்ள கல் உடைக்கிறியா?"

மலர் கதவிலிருந்து கையை எடுத்தாள்.

"தொடப்பக்கட்டையால கூரையத் தட்டித் தட்டிக் கை வலி. ரெண்டு தடவ மத்தியானம் மேல வந்து கதவத் தட்டுனேன், ஆளு இல்ல. நகர மன்றத்துக்குப் போனேன். எந்த நாளு, எத்தன மணி, எவ்வளவு நேரம், எழுதிட்டு வான்னு சொன்னாங்க. எழுதுறேன். லிஃப்ட்ல தாள் ஒட்டுனாங்க. அதையும் நீ என் பக்கத்துலயே நின்னு நிதானமாப் படிச்சிட்டு, மறுநாள் காலைல மறுபடியும் டொங்!"

உள்ளே போய் நோட்டைக் கொண்டுவந்து கம்பிக்கிடையே நீட்டினாள். பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற நீல அட்டை நோட்டு. ஜனவரி இருபது, ஐந்து பதினேழு முதல் ஐந்து இருபத்தாறு வரை. ஜனவரி இருபத்தொன்று, ஐந்து பதினைந்து. பக்கம் பக்கமாகத் தேதியும் மணியும் பிசகாமல். இடையிடையே சீனத்தில் ஏதோ குறிப்பு, வசவாகத்தான் இருக்கும். மலர் நோட்டைப் புரட்டப் புரட்ட அவள் முகம் மாறுவதைத் திருமதி லோ சந்தேகமாகப் பார்த்தாள். திட்டு வாங்குகிறவள் இப்படிச் சிரிப்பாளா?

"ஆண்ட்டி," என்றாள் மலர். "இதை எனக்குக் குடுங்க. வெள்ளிக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும்."

"கிழிச்சுப் போடவா?"

மலர் கடிதத்தை எடுத்துக் காட்டினாள். திருமதி லோ கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, நிதானமாகப் படித்தாள். படித்து முடித்ததும் அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே!

"ஆளில்லாத வீடா? யாரு சொன்னது? அப்போ நாலு மாசமா இந்தச் சத்தம் என் மண்டைக்குள்ளேர்ந்தா வந்துச்சு? நகர மன்றத்துல என்னப் பைத்தியம்னு நெனைக்க மாட்டாங்க? இரு, நோட்ட உங்கையில தரமாட்டேன். நானே வர்றேன்."

வெள்ளிக்கிழமை அலுவலர் மிஸ் யோ, சின்னப் பெண், மேசைமேல் நோட்டை வைத்து வரி வரியாகப் பார்த்தாள். திருமதி லோ பூப்போட்ட சட்டையும், கைக்கடிகாரமும், நகர மன்றம் அனுப்பிய பதில் கடிதமுமாக வந்திருந்தாள். தூங்க முடியாத ஒவ்வொரு நாளையும் விலாவாரியாகச் சொன்னாள். எதிர்க்கட்சி சாட்சியே தனக்காக வாதாடுவதை மலர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் அவளுக்கு வேண்டியும் இருந்தது.

"சனி, ஞாயிறு மட்டும் ஒண்ணுமே இல்லையே?" என்று கேட்டாள் மிஸ் யோ.

திருமதி லோ மலரைப் பார்த்தாள். மலர் பொய் ஒன்றைத் தேடினாள். தராசு பிடித்த மனுஷரின் முகம் நினைவுக்கு வந்தது.

"சனி ஞாயிறு எனக்கு வேலை. ஈசூன்ல அக்கா வீட்ல இருந்துடுவோம், பிள்ளையப் பாத்துக்க ஆளில்ல," என்றாள். "தப்புத்தான்."

மிஸ் யோ வெகுநேரம் எதையோ எழுதினாள். பிறகு, இடம் இப்போதைக்கு இருக்கும், ஆனால் ஏழு நாளும் அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும், திரும்பவும் வருவோம், சொல்லாமல் வருவோம் என்றாள். மலர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வெளியே வந்ததும் திருமதி லோவின் கையைப் பிடிக்கப் போனாள்.

"கையெல்லாம் வேணாம். கல்லுக்கு அடியில எதையாவது போடு," என்றாள் திருமதி லோ.

வார விடுமுறையை ஞாயிறு, திங்களுக்கு மாற்றி வாங்குவதற்குள் மலர் மேலாளரிடம் பட்ட பாடு தனிக்கதை. சனிக்கிழமைகளுக்குக் குணாளன் தன் முறையை மாற்றிக்கொண்டான். அப்படி மாறிய முதல் சனி சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது மாமா கடைப் பக்கத்து லிஃப்டுக்கு நடந்தாள். மாமா கதவுப் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கடைக்கு அதுதான் கடைசி நாள்.

"ரப்பர் மிதியடி இருக்கா மாமா? தடிமனா?"

"ஒண்ணே ஒண்ணு கெடக்கு." தூசு தட்டிக் கொடுத்துவிட்டு, "ஒம் பேரு என்னம்மா?" என்றார்.

"தவமலர். எட்டாம் மாடி."

"தவமலர், எட்டாம் மாடி, ரப்பர் மிதியடி," என்று சொல்லிக்கொண்டார் மாமா. "இனிமே கேட்டா சொல்லுவேன். கேக்கத்தான் நான் இங்க இருக்க மாட்டேன்." பெட்டிக்குள் கைவிட்டு ஒரு மிட்டாயைத் தேடி எடுத்தார். இந்தத் தடவை மலர் அதை மிதிலாவுக்கென்று சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டாள். பதினொரு மாதம் இவரைச் சுற்றிக்கொண்டு நடந்த நடையெல்லாம் நினைவுக்கு வந்தது.

மறுநாள், தோ பாயோவில் அவர்கள் விழித்த முதல் ஞாயிற்றுக்கிழமை. பழக்கத்தில் ஐந்துக்கே முழிப்பு வந்துவிட்டது. மிதியடியை நாலாக மடித்து, அதன்மேல் இடிகல்லை வைத்து மலர் இடித்தாள். சத்தமே இல்லை, பஞ்சில் குத்துவது போலிருந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கீழே இருந்து தட்டல் இல்லை. அவள் கை தானாக நின்றது. லோ ஆண்ட்டி தூங்குகிறாளா, இல்லை வேண்டுமென்றே எழுதாமல் இருக்கிறாளா? மிஸ் யோ அடுத்த தடவை வந்து நோட்டைக் கேட்டால், இந்த ஞாயிறும் காலியாக அல்லவா இருக்கும்?

கூடத்தை எட்டிப் பார்த்தாள். குணாளன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மெல்ல மிதியடியை உருவிச் சுவரோரமாக வைத்தாள். வெறுந்தரையில் கல்லை வைத்து, குழவியை ஓங்கி மூன்று இடி இடித்தாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மலர் குழவியைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

டக், டக், டக்.

சமையலறைச் சன்னலைத் திறந்து, துணி உலர்த்தும் மூங்கில்களுக்கிடையே தலையை நீட்டினாள்.

"ஆண்ட்டி! ஞாயித்துக்கிழமைன்னு சேத்து எழுதுங்க!"